அரசிதழில் ஏறாத தடை

2011 நவம்பர் 24ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஒரு படத்தைத் தடை செய்தது. ‘டேம் 999’ என்ற அந்த ஆங்கிலப் படம் மறுநாள் வெளியாக இருந்தது. இயக்குநர் சோகன் ராய் கேரளத்துக்காரர், ஷார்ஜாவில் தொழில் நடத்தும் கப்பல் பொறியாளர். சீனாவில் 1975இல் உடைந்த பான்சியாவ் அணையை மனத்தில் வைத்து எடுத்த கதை என்பது அவர் வாதம். கம்பம் பள்ளத்தாக்கில் அதை நம்ப ஆளில்லை. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் மகாராஜாவும் வெள்ளை அரசும் 1886 அக்டோபர் 29இல் செய்துகொண்ட குத்தகை 999 ஆண்டுக்கானது. தலைப்பிலேயே அந்த எண்ணை வைத்துக்கொண்டு சீனாவைக் கைகாட்டினால் கூடலூர்க்காரர் ஒப்புக்கொள்வாரா?

அணை 1895இல் முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் இறங்கும் தண்ணீர்தான் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லை விளைவிக்கிறது. பிறகு வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. அணை பலவீனம் என்ற பேச்சு 1979இல் கிளம்பி, நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தும் கேரளம் தனிச் சட்டம் போட்டு முட்டுக்கட்டை வைத்தது. 2011இல் வழக்கு அரசியல் சாசன அமர்வில் நடந்துகொண்டிருந்தபோதுதான், அணை உடைந்து ஊர் மூழ்கும் படம் வந்தது. திரையரங்கு உரிமையாளர்கள் திரையிட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் திமுகவும் அதிமுகவும் ஒரே பக்கம் நின்று குரல் கொடுத்தன. அதற்குப் பிறகு வந்ததுதான் அரசின் ஆணை.

டிசம்பரில் பள்ளத்தாக்கே சாலைக்கு வந்தது. ஊர் ஊராகத் திரண்ட மக்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். லோயர்கேம்ப்பில் போலீஸ் மறித்தது. தடியடி நடந்தது, 144 போடப்பட்டது. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஏலத்தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் நின்றுபோயின. மேலே வேலைக்குப் போய்த் தங்கியிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தார்கள். அந்தச் சூழலில் ஒரு படத்தின் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியிருந்தால் கேட்க யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. எனக்கும் இருந்திருக்காது.

ஆனாலும் பத்துப் பதினைந்து வருடம் கழித்து யோசிக்கும்போது ஒரு கணக்கு உதைக்கிறது. அணைக்காகப் பேசி எது வேலை செய்தது? பொதுப்பணித் துறையின் மூத்த பொறியாளர் சங்கத்தினர் அதே காலத்தில் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். அணையின் தலைப்பகுதியில் கான்கிரீட் போட்டுக் கனம் ஏற்றியது, எஃகு வடங்களை அணை வழியாகப் பாறைக்குள் இறக்கி இறுக்கியது, பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பி முட்டுக் கொடுத்தது என்று பலப்படுத்திய வேலை முழுவதும் அதில் விளக்கப்பட்டது. வழக்கும் காகிதங்களைக் கொண்டே நடந்து, 2014 மே 7இல் தமிழ்நாட்டுக்குச் சாதகமாக முடிந்தது. தடை செய்த படம் அந்த வெற்றிக்கு ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. படத்தில் எந்தக் காட்சி பொய், எந்த வசனம் திரிபு என்று திரையரங்கில் பார்த்துப் பதில் சொல்லும் வாய்ப்பை அது எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை நூல் தடை பற்றியது. அதைப் படத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம், இந்தப் பள்ளத்தாக்கின் பெயரால் ஓர் அரசு போட்ட தடையாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த ஆணைக்கு ஒரு பெருமையும் உண்டு. அது எழுத்தில் இருந்தது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி போடப்பட்டது. தேதி இருந்தது, காரணம் இருந்தது, கையெழுத்து இருந்தது. அதனால்தான் எடுத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. எழுத்தில் இருக்கும் தடையும் எழுத்தில் இல்லாத தடையும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் கடந்த சில பத்தாண்டுகளில் எழுத்தாளர்களை வாயடைத்தது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

முதலில் எழுத்தில் உள்ளது. ஒரு நூலைத் தடை செய்ய மாநில அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும். இந்த அதிகாரம் 1922இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 99ஏ பிரிவாக நுழைந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் 95ஆம் பிரிவானது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. எந்த நூல், எந்தக் குற்றப் பிரிவுக்குள் வருகிறது, அப்படி நினைக்க என்ன காரணம் என்று அரசு சொல்லியாக வேண்டும். சொன்னபின் நாட்டில் எங்கே இருந்தாலும் அந்தப் பிரதி அரசுக்குச் சொந்தம். எந்தப் போலீஸ்காரரும் கைப்பற்றலாம். மாஜிஸ்திரேட் வாரண்ட் கொடுத்தால் சப் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் வந்து தேடலாம். எதிர்க்க நினைப்பவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதை மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்க வேண்டும். அந்த அமர்வு கேட்பது ஒரே கேள்விதான்: அரசு சொன்ன காரணம் நூலில் இருக்கிறதா?

பிரதி எங்கே இருந்தாலும் பறிமுதல் என்பது எவ்வளவு நீளும் என்பதைத் தமிழர்கள் 1928இல் பார்த்தார்கள். பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய தேசியப் பாடல் தொகுப்புகளை முதலில் தடை செய்தது சென்னை அரசு அல்ல, பர்மா அரசு. அன்றைக்கு பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால், ரங்கூனில் போட்ட உத்தரவைக் கொண்டு சென்னையில் பிரதிகள் அள்ளப்பட்டன. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகள் ராஜத்துரோகமா என்ற கேள்வி அவையில் எழுந்தது. கேட்க முடிந்ததற்குக் காரணம், எதிரே நீட்டிக் காட்ட ஓர் உத்தரவு இருந்ததுதான்.

அந்தக் காலத்தில் மதுரை வட்டாரத்தில் நூலைவிட நாடக மேடைக்குத்தான் போலீஸ் அதிகம் வந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். அதுவரை இது மதுரைச் சீமை, ஸ்பெஷல் நாடகங்களின் சீமை. திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் மயில்மேல் உட்கார்ந்துகொண்டே வெள்ளைக்காரனைச் சாடிப் பாடுவார், போலீஸ் மேடையேறி வாரண்டை நீட்டும். 29 முறை சிறை சென்றவர் என்று வரலாறு சொல்கிறது. 1940 டிசம்பர் 31ஆம் தேதி மேடையிலேயே உயிர்விட்டார். அச்சில் ஏறிய பாட்டைப் பறிமுதல் செய்யலாம், வாயில் இருக்கும் பாட்டுக்குப் பாடுகிறவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்தது, பிரிவு அப்படியே இருந்தது. ராவணனை நாயகனாக வைத்து 3100 பாடல்களில் புலவர் குழந்தை எழுதிய ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் காங்கிரஸ் அமைச்சரவை 1948இல் தடை போட்டது. நீக்கியது 1971இல் கருணாநிதி அரசு. இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள், ஐந்தாறு முதலமைச்சர்கள். அவர்களில் அந்தக் காவியத்துக்கு முன்னுரை எழுதிய அண்ணாவும் ஒருவர். அண்ணாவே 1950இல் ‘ஆரிய மாயை’க்காகத் திருச்சி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்: 700 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதச் சிறை. பெரியாருக்கும் அதே சமயம் ‘பொன்மொழிகள்’ நூலுக்காகத் தண்டனை. தடை செய்யப்பட்டவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். தடை செய்யும் பிரிவைத் தூக்கிப் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இது எந்தக் கட்சிக்கும் பொது. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பிரிவு உறுத்துவதே இல்லை.

எழுத்தில் இருக்கும் தடையை எப்படி உடைக்கலாம் என்பதற்கு நல்ல பாடம் உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஒரு தமிழ்க் கதை. பெரியாரின் ராமாயண நூலின் ஆங்கில வடிவத்தையும், லலாய் சிங் யாதவ் வெளியிட்ட இந்தி மொழிபெயர்ப்பையும் அந்த மாநில அரசு 1969 டிசம்பரில் பறிமுதல் செய்தது. எந்தப் பக்கம், எந்த வரி என்று அறிவிக்கையின் பின்னிணைப்பில் பட்டியல் இருந்தது. அந்த வரிகள் ஏன் குற்றம் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் அதைக் காரணம் காட்டியே தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பும் அரசைக் கைவிட்டது. காரணம் சொல்வது சம்பிரதாயம் அல்ல, அது இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம் எதை வைத்துச் சரிபார்க்கும் என்பது அதன் சாரம். தீர்ப்பு வந்த தேதி 1976 செப்டம்பர் 16. நெருக்கடி நிலையின் உச்சம், பத்திரிகைகளைத் தணிக்கை அதிகாரி பார்த்தபிறகே அச்சடித்த காலம். அந்தக் காலத்திலும் ஒரு நூல் தப்பியது, அரசு தன் காகிதத்தை ஒழுங்காக நிரப்பாததால்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு அண்மையில் சாதி வரலாற்று நூல்கள்மீதுதான் பாய்ந்தது. செந்தில் மள்ளரின் ‘மீண்டெழும் பாண்டியர் வரலாறு’ 2013இல் தடை செய்யப்பட்டது. 2015இல் மேலும் இரண்டு நூல்கள். அவற்றில் முதல் நூல், தேவேந்திர குல வேளாளரே பாண்டியர் மரபினர் என்று வாதிடுவது. நம் சாதி வரலாற்று நூல்களில் பாதி, ஆய்வு நெறி தெரியாத புகழ்பாடல். அதை நான் மறைக்கவில்லை. 1989இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் மாவட்டத்தில், ஒரு நூல் பகையைக் கிளப்பும் என்று அதிகாரி அஞ்சுவதும் புரியாத விஷயமல்ல. ஆனால் இந்த வகை நூல்கள் விற்பது பெரிய புத்தகக் கடையில் அல்ல. குருபூஜைக்கும் நினைவு நாளுக்கும் சாலையோரம் விரிக்கும் கடையில், கைக்குக் கை மாறித்தான் போகின்றன. தடை விழுந்ததும் பிடிஎஃப் ஆகிக் கைபேசியில் ஏறிவிடுகின்றன. எதிர்த்து ஆதாரத்தோடு எழுத வேண்டிய வரலாற்றுப் பேராசிரியருக்கோ தடை செய்யப்பட்ட நூலை மேற்கோள் காட்டவே தயக்கம். கடைசியில் அந்த நூலை நம்புகிறவர்கள் மட்டுமே அதைப் படிக்கிறார்கள்.

இனி எழுத்தில் இல்லாத வகை. 2015 ஜனவரி 12. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அதிகாரி ஓர் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடத்தினார். ஒரு பக்கம் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்திய அமைப்புகள், மறு பக்கம் ‘மாதொருபாகன்’ எழுதிய பெருமாள்முருகன். 2010இல் வந்து நான்காண்டு யாரையும் புண்படுத்தாத நாவல், ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வந்தபிறகு திடீரெனப் புண்படுத்தத் தொடங்கியிருந்தது. பேச்சுவார்த்தையின் முடிவில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதைத் தொடர்ந்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தானே அறிவித்தார்.

அன்று முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் எங்கள் பெரியகுளத்துக்காரர், போடி தொகுதியின் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம். அவருடைய அரசு அந்த நாவலைத் தடை செய்யவில்லை. 95ஆம் பிரிவைத் தொடவில்லை, அரசிதழில் ஒரு வரி வரவில்லை. கேட்டால், தடையே இல்லையே என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. கடையில் நூல் கிடைக்கவில்லை, எழுத்தாளர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. எதிர்த்து வழக்குப் போட ஓர் உத்தரவு எண் மட்டும் கிடையாது.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வனும் மற்றவர்களும் போட்ட வழக்கில் 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் இருந்த அமர்வு, அந்தப் பேச்சுவார்த்தை முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம், எழுத்தாளர் தன் வேலையைத் தொடரட்டும் என்பது தீர்ப்பின் தொனி. இலக்கிய உலகம் அதைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. மற்ற ஊர்களிலும் இந்த வழி நன்றாகவே பழகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை குணா ‘ஊரார் வரைந்த ஓவியம்’ எழுதியதற்காக ஊர்விலக்குக்கு ஆளானார். கரூரில் புலியூர் முருகேசன் ஒரு கதைக்காகத் தாக்கப்பட்டார். 2020 நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அருந்ததி ராய் மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்ததை எழுதிய நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது, ஒரு குழு கூடியது, நூல் போய்விட்டது.

எங்கள் பக்கத்துக்கும் இந்தப் புது வழி வந்துவிட்டது. 2025இல் ‘எம்புரான்’ படத்தில் முல்லைப் பெரியாறை நினைவூட்டும் அணைக் காட்சிகளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படத்துக்கு வேறு பக்கத்திலிருந்தும் நெருக்கடி இருந்தது. குஜராத் கலவரக் காட்சிகள்தான் அதில் பெரிய விவகாரம். படக்குழு தானாகவே பல இடங்களை வெட்டி மறு சான்று வாங்கியது. அரசு ஓர் ஆணையும் போடவில்லை. 2011இல் தடை போட்ட அரசாவது உச்ச நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை பதில் சொல்ல வேண்டியவர் யாருமே இல்லை. தண்ணீர் உரிமையில் நான் விவசாயிகள் பக்கம்தான், அதில் இரண்டாம் பேச்சில்லை. கதையை வெட்ட வைத்த முறையில் அவர்கள் பக்கம் இல்லை.

உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் வட்டாரத்தில் வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகள் நிறைய. அங்கே என்ன கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியல் பெட்டி கட்டும்போதே வீட்டில் பேசப்படும். ஊறுகாயும் பொடியும் போகும், புத்தகம் என்றால் யோசிப்பார்கள். அரபு நாடு என்றாலே நூல் தடை என்று ஒரு படம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் படத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’, பிழைக்கப் போன மலையாளி ஒருவன் சவுதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் அடிமையாகச் சிக்கிக்கொண்ட கதை. நம் கேரள எல்லையின் இருபக்கத்து வீடுகளுக்கும் சொந்தமான கதை அது. அதன் அரபு மொழிபெயர்ப்பு சவுதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்டது. நாவலின் நாயகன் பட்ட பாட்டை அந்த ஊரில் அரபியில் படிக்கக் கூடாது, அவ்வளவுதான் உத்தரவின் பொருள்.

ஆனால் அந்தப் படம் முழுதுமில்லை. குவைத்தை எடுத்துக்கொள்வோம். 2014 முதல் 2018 வரை நாலாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைத் தடை செய்ததாக அந்நாட்டுத் தகவல் அமைச்சகமே ஒப்புக்கொண்டது. கார்சியா மார்க்கேஸும் விக்டர் ஹ்யூகோவும் அதில் அடக்கம். இறக்குமதி ஆகும் ஒவ்வொரு தலைப்பையும் ஒரு குழு உட்கார்ந்து பார்த்தது. 2018இல் எழுத்தாளர்களும் வாசகர்களும் வீதிக்கு வந்தார்கள். தடைப் பட்டியலை நையாண்டி செய்து நூல் அட்டைகளை இணையத்தில் பரப்பினார்கள். 2020 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இனி இறக்குமதி செய்பவர் தலைப்புகளைத் தெரிவித்தால் போதும், தடை வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும். மன்னராட்சி நடக்கும் நாட்டில் இது நடந்தது. பட்டியல் என்று ஒன்று இருந்ததால்தான் அதைக் கிழிக்க முடிந்தது.

எகிப்து நமக்கு இன்னும் நெருக்கமான கதை, நாமக்கல்லுக்கு அண்டை வீடு என்றே சொல்லலாம். நஜீப் மஹ்பூஸின் ‘எங்கள் தெருவின் பிள்ளைகள்’ 1959 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ‘அல் அஹ்ராம்’ நாளிதழில் தொடராக வந்தது. அல் அஸ்ஹர் உலமாக்கள் கொதித்தார்கள். நாசர் அரசு நாவலைத் தடை செய்யவில்லை. அதிபரின் ஆள் ஒருவர் மஹ்பூஸிடம் பேசினார்: எகிப்தில் நூலாக வராமல் பார்த்துக்கொள்வோம், வெளிநாட்டில் வந்தால் வரட்டும். வாய்ப்பேச்சு, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 1967இல் பெய்ரூட்டில் நூலானது. 1988இல் மஹ்பூஸுக்கு நோபல் கிடைத்தது. 1994 அக்டோபரில் ஒரு மதவெறியன் அவர் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சினான். எகிப்தில் நாவல் நூலாக அச்சானது 2006இல், ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து. அரசு தடை செய்திருந்தால் வேறோர் அரசு அதை நீக்கியிருக்கலாம், ஒரு நீதிமன்றம் ரத்து செய்திருக்கலாம். இல்லாத தடையை யார் நீக்குவது? மஹ்பூஸும் கொடுத்த வாக்கை மீறாமலே இருந்தார். அதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கைவிலங்காகத்தான் தெரிகிறது.

இந்தியாவில் சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானின் வேதங்கள்’ கதை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 1988 அக்டோபரில் சுங்கச் சட்டத்தின் கீழ் இறக்குமதி தடை செய்யப்பட்டது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாரும் நம்பினோம், நானும்தான். ஒரு வாசகர் டெல்லி உயர் நீதிமன்றத்தில், அந்த அறிவிக்கையைக் காட்டுங்கள் என்று வழக்குப் போட்டார். சுங்கத் துறை தேடியது. கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் நீதிமன்றம், அப்படி ஓர் அறிவிக்கை இல்லையென்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி வழக்கை முடித்தது. 36 ஆண்டுகளாக நாடு கீழ்ப்படிந்த ஓர் ஆணையின் தாள் யாரிடமும் இல்லை. கேட்கும்வரை அது இல்லையென்று யாருக்கும் தெரியவில்லை.

எழுத்தில் இருக்கும் தடை நல்லது என்று நான் வாதிடவில்லை. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் உள்துறை புதிய 98ஆம் பிரிவின் கீழ் 25 நூல்களை ஒரே ஆணையில் பறிமுதல் செய்தது. ஏ.ஜி. நூரானியும் அருந்ததி ராயும் அந்தப் பட்டியலில் உண்டு. 25 நூல்களுக்கும் சேர்த்து ஒரே காரணப் பத்தி. லலாய் சிங் யாதவ் வழக்கின் தீர்ப்பை ஐம்பதாண்டு கழித்து மறுபடி எடுத்து வாசிக்க வேண்டிய நிலை. ஆனால் வாசிக்கலாம், வாதாடலாம், அதற்கு வழி இருக்கிறது. இன்னொரு தமிழ் வழக்கும் கைவசம் உண்டு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு எதிரான வழக்கில், கலவரம் வரும் என்று அஞ்சுவதால் ஓர் அரசு கருத்தை அடக்க முடியாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. டேம் 999 ஆணையின் அடிப்படையே அமைதி கெடும் என்பதுதான். அந்த ஆணை வந்தபோது கம்பத்தில் இருந்த எங்களில் எவருக்கும் இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே தேனி மாவட்டத்து வாசகர்களிடமும் நூலகர்களிடமும் கல்லூரித் தமிழ்த் துறையினரிடமும் ஒரு கோரிக்கை. ஒரு நூலை எடுத்துவிடுங்கள், ஒரு கூட்டத்தை நிறுத்துங்கள், ஒரு பாடத்தை மாற்றுங்கள் என்று யார் வந்து சொன்னாலும், அவர் தாசில்தாராக இருந்தாலும், ஊர்த் தலைவராக இருந்தாலும், உங்கள் சொந்தச் சங்கத்துக்காரராக இருந்தாலும், முதல் வேலையாக எழுத்துப்பூர்வமான ஆணையைக் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள், பேச்சும் அங்கேயே முடியும். தந்துவிட்டால், அரசிதழில் வந்த நாளிலிருந்து உயர் நீதிமன்றம் போக உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது.